இட்சா மொழிக்கு இன்னொரு பாடநூல் வேண்டாம்

குவாத்தமாலா கல்வி அமைச்சகத்துக்கும் அங்குள்ள மாயா மொழிகள் அகாதமிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். உங்கள் நாட்டு மொழிகளைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பது பல காலப் பழக்கம். இந்த மடலின் ஸ்பானிய வடிவம் உங்களுக்குத் தனியே வருகிறது. இங்கே தமிழில் வெளியிடுவதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில சங்கதிகளையும் எங்கள் வாசகர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது இட்சா மொழியைப் பற்றி. குவாத்தமாலாவின் வடகோடியில் பெத்தேன் மாகாணம். அங்கே பெத்தேன் இட்சா ஏரி, அதன் வடகரையில் சரிவில் ஏறி நிற்கும் சான் ஹோசே என்ற சிறு ஊர். மாயா மொழிகள் சுமார் முப்பது. அவற்றில் இட்சாவுக்கு நெருங்கிய உறவு மூன்று: மெக்சிகோவின் யுகதேக், லாக்கண்டோன், பெலீஸிலும் பெத்தேனிலும் பேசப்படும் மோப்பான். யுகதேக்கை லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். இட்சாவைச் சரளமாகப் பேசுகிறவர்கள் சான் ஹோசேயின் முதியவர்கள் சிலர் மட்டும்தான். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஸ்பானியத்தில்தான் சண்டை போடுகிறார்கள், ஸ்பானியத்தில்தான் சமாதானமாகிறார்கள்.

இத்தனைக்கும் அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியருக்குக் கடைசிவரை பணியாத அரசுகளில் ஒன்று இட்சா அரசு. மெக்சிகோவை ஆண்ட அஸ்தேக்குகளின் தலைநகரம் 1521இல் விழுந்தது. ஏரியின் நடுத் தீவில் இருந்த இட்சா தலைநகரம் நோஹ்பெத்தேன் விழுந்தது 1697 மார்ச் 13 அன்று, ஸ்பானியத் தளபதி மார்த்தின் தே உர்சுவாவின் படையிடம். இடையில் 176 ஆண்டுகள். இன்று சுற்றுலாப் பயணிகள் காப்பி குடித்துக்கொண்டு படம் எடுக்கும் ஃப்ளோரெஸ் நகரம் அந்தத் தீவின்மேல்தான் நிற்கிறது.

அந்த இடைவெளியில் நடந்த ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1525இல் ஹோண்டுராஸ் போகும் வழியில், அஸ்தேக்குகளை வென்ற எர்னான் கோர்த்தேஸ் அங்கே வந்தார். காலில் அடிபட்ட தன் குதிரையை அரசன் கான் எக்கிடம் விட்டுவிட்டுப் போனார். குதிரை செத்துப்போயிற்று. திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையோ என்னவோ, அதற்கு ஒரு சிலை செய்து வைத்துவிட்டார்கள். 1618இல் வந்த இரண்டு பிரான்சிஸ்கன் பாதிரிமார் அந்தக் குதிரை தெய்வமாக வணங்கப்படுவதைப் பார்த்தார்கள். அவர்களில் ஹுவான் தே ஓர்பிதா என்பவர் கல்லை எடுத்து அதை அடித்து நொறுக்கினார். கூட்டம் கொதித்தது. உயிரோடு திரும்பியது அவர்கள் பாக்கியம். உங்கள் பள்ளிப் புத்தகங்களில் இந்தக் கதை சிரிப்புக்குரிய ஒன்றாக வருமானால், தயவுசெய்து சிலையை உடைத்தவரின் பக்கத்தையும் சேர்த்துச் சிரியுங்கள்.

ராணுவம் செய்ததைவிட மொழிக்குப் பெரிய சேதம் பின்னால் வந்தது. 1931 முதல் 1944 வரை ஆண்ட ஹோர்ஹே உபிகோவின் காலத்தில், பள்ளியில் இட்சா பேசிய பிள்ளை தண்டிக்கப்பட்டது. அந்தத் தலைமுறை வளர்ந்து தாய் தகப்பன் ஆனபோது, தங்களுக்குள் இட்சாவும் பிள்ளைகளிடம் ஸ்பானியமும் என்று வீட்டைப் பிரித்துக்கொண்டது. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடி வாங்கியவர்கள் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம் என்று நினைத்தார்கள்.

கூடவே காடும் கூப்பிட்டது. சூயிங்கம் செய்ய உதவும் சிக்லே பால் பெத்தேன் காட்டிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போயிற்று. மழைக்காலம் தொடங்கினால் சான் ஹோசே ஆண்கள் மாதக்கணக்கில் காட்டு முகாமுக்குப் போய்விடுவார்கள். இடுப்பில் கயிறு கட்டி, சப்போட்டா இனத்து மரத்தில் ஏறிக்கொண்டே வெட்டரிவாளால் குறுக்கும் மறுக்குமாகக் கீறிக்கொண்டு போவார்கள். பால் ஒரு கீறலிலிருந்து அடுத்த கீறலுக்கு இறங்கி அடிமரத்தில் கட்டிய பையில் சேரும். அதைப் பெரிய அண்டாவில் ஊற்றிக் கிளறிக் கிளறிக் காய்ச்சி, கெட்டியானதும் கட்டியாக வார்த்து முத்திரை குத்துவார்கள். முகாமில் பல ஊர்க்காரர்களும் இருப்பார்கள். கணக்கு, கடன், கூலி, சீட்டாட்டம் எல்லாம் ஸ்பானியத்தில். பள்ளிக்கூடம் பிரம்பால் செய்ததை முகாம் கூலியால் செய்தது.

பிறகு சாலை வந்தது. அரசே ஒரு மேம்பாட்டு நிறுவனம் வைத்துப் பெத்தேனில் ஆட்களைக் குடியேற்றியது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 25,000 பேர் இருந்த மாகாணத்தில் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்தரை லட்சம் பேர். வந்தவர்களில் பலர் கெக்சி மொழி பேசும் மாயா மக்கள். சொந்த மலையில் நிலம் பறிபோனவர்கள், உள்நாட்டுப் போரில் ஊர் எரிந்தவர்கள். காடு அழிந்ததற்கு அவர்களை மட்டும் காட்டிப் பேசும் பழக்கம் சில ஆய்வாளர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான். தன் சொந்த ஏரிக்கரையிலேயே இட்சா மக்கள் சிறுபான்மையினும் சிறுபான்மை ஆனார்கள்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன்.

காகிதத்தில் நீங்கள் செய்தது கொஞ்சமல்ல. 1987இல் மாயா மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துமுறை அரசாணையாக வந்தது. 1990இல் அகாதமிக்குச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் 36 ஆண்டுப் போர் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பழங்குடி மக்களின் அடையாளம், உரிமைகள் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 1999 மே மாதம் அதை அரசியலமைப்பில் ஏற்றக் பொது வாக்கெடுப்பு வைத்தீர்கள். வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட வரவில்லை, வந்தவர்களில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அது பெரிய சறுக்கல். ஆனாலும் 2003இல் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. மாயா மொழிகள், மாயா குடும்பத்தில் சேராத கரிஃபுனா, சிங்கா எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொண்டது. அகாதமியில் 22 மாயா மொழிச் சமூகங்கள் உட்காருகின்றன. பத்து லட்சத்துக்கு மேல் பேசும் கீச்சேவுக்கும் ஒரு நாற்காலி, இட்சாவுக்கும் ஒரு நாற்காலி.

இந்தச் சமத்துவம்தான் என் குறை. அமைச்சகத்தின் இருமொழிக் கல்வி பிறந்த விதத்தைப் பாருங்கள். 1980களில் அது தொடங்கியபோது கீச்சே, கக்சிக்கேல், கெக்சி, மாம் என்ற நான்கு பெரிய மொழிகளுக்காகத் தொடங்கியது. அதன் அடிப்படை மிக எளிது: பிள்ளை வீட்டில் மாயா மொழி பேசுகிறது, பள்ளியில் அந்த மொழியிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும், பிறகு ஸ்பானியத்துக்குப் போகட்டும். அல்தா வெராபாஸ் மாகாணத்துக் கெக்சிப் பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சான் ஹோசேயில் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவருவது ஸ்பானியம். ஆசிரியருக்கும் இட்சா சரளமாக வராது. பெற்றோருக்கும் வராது. அந்த வகுப்பறையில் கீச்சே திட்டத்தையே சிறிதாக வெட்டித் தைத்துப் போட்டால் என்ன கிடைக்கும்? நிறங்களின் பெயர், மிருகங்களின் பெயர், ஒரு வாழ்த்து, தேசிய கீதத்தின் மொழிபெயர்ப்பு. விழா நாளில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒப்பிப்பார்கள். மேடையில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை இட்சாவில் தண்ணீர் கேட்கக்கூட யாரும் இல்லை.

நான் ஆசிரியன். பாடநூலின் எல்லை எனக்குத் தெரியும். வீட்டில் கேட்காத மொழியை வாரம் இரண்டு பாடவேளையில் உயிரோடு ஆக்கிய பள்ளிக்கூடம் எங்கேயும் இல்லை. சிறு உதாரணம் சொல்கிறேன். இட்சாவில் எண்ணும்போது எண்ணோடு ஒரு வகைச்சொல் ஒட்டவேண்டும். உயிருள்ளவை என்றால் 'தூல்', பொருள்கள் என்றால் 'பேல்'. இரண்டு நாய்க்கு ஒரு 'இரண்டு', இரண்டு பானைக்கு வேறு 'இரண்டு'. கரும்பலகையில் எழுதிப்போட்டால் இது இலக்கண விதி. பாட்டி 'அந்த இரண்டையும் எடு' என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கும்போது, எடுக்கச் சொன்னது பானையையா நாய்க்குட்டியையா என்று பிள்ளைக்கு யோசிக்காமலே தெரியும். இரண்டாவதுதான் மொழி. அதற்கு பாட்டி வேண்டும், அடுப்படி வேண்டும், நேரம் வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், இன்னொரு பாடநூல் அச்சடிக்கவேண்டாம். நூல் ஏற்கெனவே இருக்கிறது, நல்ல நூல்களே இருக்கின்றன. மொழியியலாளர் சார்ல்ஸ் ஆண்ட்ரு ஹோஃப்ளிங்கும் சான் ஹோசேயைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் ஃபெர்னாண்டோ தெசுகுனும் சேர்ந்து தொகுத்த இட்சா, ஸ்பானியம், ஆங்கிலம் மும்மொழி அகராதி 1997இல் வந்தது. 2000இல் ஹோஃப்ளிங்கின் விரிவான இலக்கணம். இவ்வளவு சிறிய மொழிக்கு இந்த அளவு ஆவணம் இருப்பது அபூர்வம். மெக்சிகோ எல்லைக்கு அந்தப்பக்கம் பேசப்பட்ட சிகோமுசெல்தேக் என்ற மாயா மொழி, சில சொற்பட்டியல்களைத் தவிர அதிகம் எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. இட்சாவுக்கு அந்த நிலை இல்லை. அகராதி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதில் உள்ளதை வாயால் சொல்லக்கூடியவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் பழங்குடிகள் 1990களில் ஒரு வழி கண்டார்கள். ஒரு முதியவர், ஒரு இளைஞர். வாரத்துக்குப் பத்து முதல் இருபது மணி நேரம் இருவரும் சேர்ந்து இருக்கவேண்டும், அந்த நேரத்தில் ஆங்கிலம் கூடாது. வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது. துணி துவைப்பது, சமைப்பது, வண்டியில் போவது எதுவானாலும் அந்த மொழியில். புரியாவிட்டால் கையைக் காட்டு, நடித்துக் காட்டு. இருவருக்கும் உதவித்தொகை உண்டு. இரண்டு மூன்று வருடம் இப்படி இருந்தவர் அறிஞர் ஆகிவிடமாட்டார். ஆனால் தன் பிள்ளையிடம் பேசும் அளவுக்கு வந்துவிடுவார். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே?

சான் ஹோசேயில் அப்படி ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். முந்தின இரவு சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறவிட்ட மக்காச்சோளம். காலையில் அதைத் தேய்த்துக் கழுவவேண்டும், தோல் எவ்வளவு கழன்றது என்று விரலால் நசுக்கிப் பார்க்கவேண்டும், மில்லுக்கு அனுப்பவேண்டும், மாவைத் தட்டி அடுப்பில் போடவேண்டும். பாட்டி ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்வார். கற்கும் பெண் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்வாள். நடுவில் பக்கத்து வீட்டு வம்பும் வரும். வம்பில்லாமல் எந்த மொழியும் வந்ததில்லை.

ஆண்களுக்குக் காடு இருக்கிறது. 1991இல் சான் ஹோசே மக்கள் தாங்களே முயன்று பயோ இட்சா என்ற காப்புக்காட்டை உண்டாக்கினார்கள். 1990களில் மானிடவியலாளர் ஸ்காட் அத்ரானும் அவர் குழுவினரும் அதே வட்டாரத்தில் இட்சா, லடினோ (ஸ்பானியம் பேசும் கலப்பின மக்கள்), கெக்சி ஆகிய மூன்று மக்களின் காட்டறிவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். காட்டை மிகக் குறைவாக அழித்துப் பயிரிட்டவர்கள் இட்சாக்கள். எந்த மரம் எந்தப் பறவைக்கும் மிருகத்துக்கும் உதவும், பதிலுக்கு அவை மரத்துக்கு என்ன செய்யும் என்று இரண்டு பக்கமும் விளக்கியவர்கள் அந்த முதியவர்கள்தான். காட்டு ஆவிகள் காக்கும் மரங்கள் இவை என்று அவர்கள் சொன்ன மரங்களைத் தங்கள் நிலத்திலும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். இதை ஸ்பானியத்தில் சொல்லமுடியாதா என்றால் முடியும். ஆனால் அந்த முதியவர் காட்டுக்குள் நடக்கும்போது, தானாக அவர் வாயில் வருவது எது? அந்த நடையில் கூட ஒரு இளைஞன் இருக்கட்டும் என்கிறேன்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். சான் ஹோசேயில் வெளிநாட்டவருக்கு ஸ்பானியம் கற்றுத்தரும் பள்ளி நடக்கிறது. மேற்சொன்ன காப்புக்காட்டுச் சங்கமே நடத்துகிறது, வருமானம் காட்டைக் காக்கப் போகிறது. இட்சாவின் கடைசி ஊருக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து, வீடுகளில் தங்கி, உள்ளூர்க்காரர் ஒருவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஸ்பானியம் படித்துவிட்டுப் போகிறார்கள். நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அவர்கள் பிழைக்கவேண்டும். ஆனால் கவனியுங்கள்: ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர், வீட்டில் தங்கிப் படிப்பு என்ற முறை அந்த ஊருக்குக் கைவந்த கலை. அதே மேசையில், அதே நாற்காலியில், மொழியை மட்டும் மாற்றினால் போதும். வெளிநாட்டு மாணவர் தன் படிப்புக்குக் காசு கொடுக்கிறார். சொந்த ஊர் இளைஞருக்கு யார் கொடுப்பது? அங்கேதான் அமைச்சகம் வருகிறது.

தடை எங்கே என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சான்றிதழ். எங்கள் நாட்டிலும் இதே கதைதான். பட்டயம் இல்லாதவரை ஆசிரியர் என்று சம்பளப் பட்டியலில் ஏற்ற எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார், தணிக்கைக்குப் பயம். உபிகோ காலத்தில் பள்ளி துரத்திய பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும்தான் இன்றைய முதியவர்கள். பேசியதற்காக அன்று அடித்துவிட்டு, படிக்கவில்லை என்பதற்காக இன்று சம்பளம் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? விதியைத் திருத்துங்கள். ஆசிரியர் என்ற பெயர் சிக்கலாக இருந்தால் வேறு பெயர் வையுங்கள். பணம் மாதாமாதம் அவர்கள் கைக்குப் போகவேண்டும், ஆண்டுக்கொரு விழாவில் சால்வையாக அல்ல.

அகாதமிக்கு ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டல் வாதம், எத்தனை உயிரெழுத்து, ஸ்பானியச் சொற்களைக் களைவது, புதுச்சொல் ஆக்குவது போன்றவை எல்லாம் லட்சக்கணக்கில் பேசுகிறவர்கள் உள்ள மொழிகளுக்குக் கட்டுப்படியாகும். தமிழன் நான், தூய சொல்லுக்காகச் சண்டை போடுவதன் சுகம் எனக்கும் தெரியும். இட்சாவுக்கு அதற்கு நேரமில்லை. கற்கிறவர் பாதி ஸ்பானியம் கலந்து பேசட்டும், யுகதேக் வாடை அடிக்கட்டும், மோப்பான் சொல் நுழையட்டும். திருத்தித் திருத்தி அவர் வாயை மூடவைத்துவிடாதீர்கள். மெக்சிகோவின் யுகதான் பகுதியில் யுகதேக் மொழியிலேயே பேசும் வானொலி இருக்கிறது, இளைஞர்கள் அந்த மொழியில் ராப் பாடுகிறார்கள். சான் ஹோசே இளைஞர் சிலரை ஆறு மாதம் அங்கே அனுப்பிவையுங்கள். தன் வயதுக்காரன் ஒருவன் உறவு மொழியில் காதலிப்பதையும் திட்டுவதையும் கேட்டால், பாட்டியின் பேச்சு கிழட்டுப் பேச்சு என்ற எண்ணம் தானாகக் கழன்றுவிடும்.

காலம் கடந்துவிட்டது, இத்தனை சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு செலவா என்று நிதித்துறையில் யாராவது கேட்பார். அவரிடம் மயாமியா மொழியைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறை 1960களிலேயே மறைந்துவிட்டது. 1990களில் டேரில் பால்ட்வின் என்பவர் பழைய காகிதங்களை வைத்தே கற்கத் தொடங்கித் தன் பிள்ளைகளை அந்த மொழியில் வளர்த்தார். இன்று அதற்கென்று ஒரு பல்கலைக்கழக மையம் இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது காகிதம் மட்டும். உங்களிடம் காகிதமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். செலவைப் பொறுத்தவரை, சில முதியவர்கள், அவர்களுக்கு இரண்டு மடங்கு இளைஞர்கள், சில ஆண்டுகளுக்கு மாத உதவித்தொகை. பெத்தேனில் ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலை போடும் காசுக்கு இது எத்தனை வருடம் வரும் என்று உங்கள் கணக்கரையே கேளுங்கள்.

எல்லாக் குடும்பமும் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. சிலருக்கு ஆங்கிலம் படித்து டிக்கால் மாயா இடிபாடுகளில் வழிகாட்டியாகப் போவதுதான் கனவாக இருக்கும், இருக்கட்டும். யாரையும் வற்புறுத்தி ஒரு மொழி வாழ்ந்ததில்லை, வற்புறுத்திச் செத்தது உண்டு. விருப்பம் உள்ள பத்துப் பேர் கிடைத்தால் தொடங்கப் போதும். திட்டத்தை வகுக்கும் கூட்டத்தைத் தலைநகரில் வைக்காமல் சான் ஹோசேயிலேயே வையுங்கள். யார் யாரோடு உட்காருவது என்பதை ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும். எந்தக் கிழவருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பதிவு செய்யும் ஒலிகள் அந்தந்தக் குடும்பத்தின் சொத்து என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதற்குமுன் முதல் ஜோடிகளின் பெயர்ப் பட்டியலும் முதல் மாத உதவித்தொகைக்கான ஆணையும் தயாராகவேண்டும். இவ்விரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன், 2003ஆம் ஆண்டுச் சட்டமே போதும். தேவை என்று உங்கள் சட்டப் பிரிவு சொன்னால், எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில் தெரிவியுங்கள். பதிலை எனக்கு எழுதாவிட்டாலும் சான் ஹோசே நகராட்சிக்கு எழுதுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு மொழி ஆசிரியர்